படிவமும் யந்திரமும்

மருத்துவத்தில் கம்ப்யூட்டர் நுழைந்த சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அதை ஒரு பந்தயமாகவே எழுதிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் டி டோம்பல் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய சகாக்களும் செய்த ஆராய்ச்சிக்கும் இதே கதிதான். திடீர் வயிற்றுவலியோடு வந்த 304 நோயாளிகள். யந்திரம் நோயைச் சரியாகச் சொன்னது 91.8 சதவீதம், மருத்துவர்களில் மூத்தவர் 79.6 சதவீதம். 1972இல் இது பிரசுரமாயிற்று. யந்திரம் ஜெயித்தது என்பதோடு கதையை மூடிவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பிறகு வருவது.

அந்த யந்திரத்துக்கு மருத்துவம் தெரியாது. எந்த நோயில் எந்த அறிகுறி எத்தனை பேருக்கு இருந்தது என்ற பழைய கணக்கு அதனிடம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரியார் தாமஸ் பேய்ஸின் பெயரால் வழங்கும் சூத்திரத்தைக் கொண்டு, வந்திருப்பவருக்கு எது இருக்கச் சாத்தியம் அதிகம் என்று கணக்கிட்டது. விவரங்களைத் தரவேண்டியவர் மருத்துவர். வலி எங்கே தொடங்கியது, இப்போது எங்கே இருக்கிறது, எத்தனை நேரமாக, எதனால் அதிகமாகிறது என்று ஒன்று விடாமல் விசாரித்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, முன்கூட்டியே அர்த்தம் வரையறுக்கப்பட்ட வார்த்தைகளில் படிவத்தில் குறிக்க வேண்டும்.

1974இல் வந்த அடுத்த அறிக்கை விசித்திரமானது. சோதனை நடந்த காலத்தில் மருத்துவர்களின் சொந்த நிர்ணயமே மேம்பட்டிருந்தது. அறுவைக்கு முன்பே குடல்வால் வெடித்துவிட்ட கேஸ்கள் 36 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்திருந்தன. சோதனை முடிந்ததும் எல்லாம் பழைய நிலையை நோக்கித் திரும்பின. தம் முடிவு சரியா தவறா என்று மருத்துவருக்கு இடைவிடாமல் தெரியவந்ததும், யந்திரத்தோடு பேசத் தேவைப்பட்ட ஒழுங்கும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

வங்கியில் படிவங்களோடு காலம் கழிப்பவன் நான். படிவம் மனிதனைக் கட்டங்களுக்குள் சுருக்கிவிடுகிறது என்று நம் கவிஞர்கள் அலுத்துக்கொள்வது எனக்குப் புரிகிறது. ஆனால் லீட்ஸ் படிவம் வேறு காரியம் செய்தது. பார்த்த மாத்திரத்தில் குடல்வால் என்று முடிவுகட்டிவிடக்கூடிய அனுபவசாலியை மேலும் சில கேள்விகள் கேட்கவைத்தது. நோயாளி சொல்வதை முழுக்கக் காதில் வாங்கவைத்தது. இதை வாசிப்புப் பயிற்சி என்றே சொல்வேன். அட்டையில் பேரைப் பார்த்ததும் தீர்ப்பெழுதிவிடுகிற விமர்சகர்கள் நம்மிடையே இருப்பதால் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இன்றைய செயற்கை அறிவு மருத்துவப் படங்களையும் பதிவேடுகளையும் தானே படித்து விடை சொல்கிறது. நோயாளியைக் கேள்வி கேட்கும் வேலையையும் ஏற்கத் தயாராகிறது. விடை எத்தனை சதவீதம் சரி என்றே விவாதம் நடக்கிறது; பழைய பந்தயம்தான். லீட்ஸ் அனுபவத்தைப் படித்தவன் இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது: இந்த யந்திரம் பக்கத்தில் இருக்கும்போது மருத்துவர் நோயாளியிடம் கூடுதலாகக் கேட்கிறாரா, குறைவாகக் கேட்கிறாரா?