சூரியனை விட்டு ஓடிப்போன பூமி

போன கிழமை தரம் 11 பிள்ளைகளுக்கு எக்செல்லில் பூமியைச் சூரியனைச் சுற்ற விட்டுக் காட்டினேன். ஒரு வரிக்கு ஒரு நாள். இன்றைய இடத்தையும் வேகத்தையும் வைத்து நாளைய இடத்தையும் வேகத்தையும் கணிப்பது, பிறகு அடுத்த வரி. சில சுற்றுக்குள் பூமி பாதையை விட்டு வெளியே வெளியே சுருண்டு போய்விட்டது. பின்வாங்குப் பிள்ளை ஒருவன் கேட்டான்: "சேர், அப்ப நியூட்டன் பிழையா?"

வகுப்பில் பதில் வரவில்லை. வீட்டில் இருந்து பார்த்த பிறகுதான் விளங்கியது.

நான் செய்தது ஒய்லர் 1768இல் எழுதிய முறை. அதில் ஒவ்வொரு நாளும் பூமி பழைய வேகத்தோடு நேர்கோட்டில் போய், வளைவுக்குக் கொஞ்சம் வெளியே விழுகிறது. அந்தக் கொஞ்சம் சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாளை ஒரு மணித்தியாலமாகக் குறைத்தாலும் ஓட்டம் மெதுவாகுமே தவிர நிற்காது.

மாற்ற வேண்டியது ஒரேயொரு நிரல். முதலில் புதிய வேகத்தைக் கணித்து, அந்தப் புதிய வேகத்தாலேயே இடத்தை நகர்த்த வேண்டும். செய்து பார்த்தேன், பூமி திரும்பி வந்துவிட்டது!

இதில் ஆச்சரியம் என்னவென்றால், இந்த வரிசை ஒய்லருக்கும் முன்னால் நியூட்டனிடமே இருக்கிறது. 1687இல் வந்த 'பிரின்சிப்பியா'வின் முதல் தேற்றப் படத்தைப் பாருங்கள். கோள் நேராகப் போகிறது, சூரியனை நோக்கி ஒரு தட்டு, மாறிய வேகத்தில் மீண்டும் நேராக. சம நேரத்தில் சம பரப்பு என்ற கெப்லரின் விதியை நிறுவத்தான் அவர் அதைக் கீறினார். படி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த முக்கோணங்களின் பரப்பு மாறாது. எக்செல்லிலும் மாறவில்லை.

அதற்காக எந்தப் படியும் வைக்கலாம் என்றில்லை. ஒரு தரம் ஆடிவர 3 செக்கன் எடுக்கும் வில்லுக்கு 1 செக்கன் படி வைத்தால் இந்த முறையும் வெடித்துவிடும். எல்லை, ஆடும் காலத்தை பையால் வகுத்தால் வருவது. இங்கே 0.95 செக்கன் அளவு.

இதே கணக்கு பிறகும் பல கைகளில் வந்தது. நோர்வேயின் ஸ்டோமர் 1907இல் துருவ ஒளியை விளக்க, பூமியின் காந்தப் புலத்தில் மின்துகள்கள் போகும் பாதையை இப்படிக் கணித்தார். 1967இல் பிரான்சின் லூ வெர்லே 864 ஆர்கன் அணுக்களைக் கணினியில் ஓடவிட்டார். இன்று மூலக்கூறுகளை ஆராயும் மென்பொருள்களில் இந்த முறைக்கு அவர் பெயர்தான்.

அதே வெர்லே 1993இல் ஒரு புத்தகம் எழுதினார். அது நியூட்டனைப் பற்றியது.

திருத்திய எக்செல் கோப்பு வேண்டுபவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு முதலில் கொடுத்துவிட்டேன்.