காசு கேட்காத வகுப்பறை

வெப் புரோகிராமிங்கை இலவசமா கத்துக்கிறதுன்னா நமக்கு யூடியூப்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்தக் கதை 1993 ஏப்ரல் 30-லேயே தொடங்கிவிட்டதுன்னு நான் சொல்வேன். டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலையின் மென்பொருளை யார் வேணும்னாலும் காசில்லாம பயன்படுத்தலாம்னு, ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடம் அன்றைக்குத்தான் எழுதிக் கொடுத்தது. பிறகு பிரவுசரில் 'வியூ சோர்ஸ்' அழுத்தினா போதும், பக்கத்தின் ஹெச்டிஎம்எல் கண்முன்னாடி வந்து நிற்கும். அதை நகலெடுத்து, மாற்றிப் பார்த்தே பலர் கத்துக்கிட்டாங்க.

சிக்கல் என்னன்னா, புரியலைன்னா கேட்க பக்கத்தில் ஆள் வேணுமே! அமெரிக்காவில் பல பூட்கேம்ப்கள் அதற்கு 10,000 டாலருக்கு மேல் வாங்கின. 2014-ல் குவின்சி லார்சன் ஃப்ரீகோட்கேம்ப்பைத் தொடங்கினார். ஆசிரியராக இருந்து, முப்பது வயசு வாக்கில் கோடிங் கத்துக்கிட்டவர் அவர். பாடத்தோடு அரட்டை அறையும் இருந்தது. நேற்று முட்டி நின்றவர், இன்றைக்கு அடுத்தவருக்கு வழி சொன்னார்.

பாடம் இலவசமா கிடைக்கிறது பாதி வேலைதான். மீதிப் பாதி, கத்துக்கிட்டவங்க திரும்பி வந்து சொல்லிக்கொடுப்பது. இந்த வாரம் ஒரு சிஎஸ்எஸ் சிக்கலைத் தீர்த்தீங்களா? இன்னொருத்தருக்கும் சொல்லிக் கொடுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்!