பிரயாண ஒழுங்கு செய்தவர்கள்

மனிதன் தன் ஊரை விட்டு வேற்றூர் செல்வது மிகப் பழைய வழக்கம். வணிகன் பொருள் தேடிச் சென்றான். அடியவன் புண்ணியம் தேடிச் சென்றான். படைவீரன் அனுப்பப்பட்டுச் சென்றான். இவர்கள் ஒவ்வொருவரும் வழியையும் உணவையும் இராத் தங்குமிடத்தையும் பெரும்பாலும் தாமாகவே தேடிக்கொண்டனர். முன்பின் அறியாத ஒருவரிடம் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, போவதும் தங்குவதும் வீடு திரும்புவதும் ஆகிய யாவற்றையும் அவர் பொறுப்பில் விட்டுவிடுவது வேறொரு வழக்கம். அதனை ஏற்றுக்கொள்பவர் புகையிரதத்துக்கு உரியவர் அல்லர். கப்பலுக்கு மாலுமியும் அல்லர். விடுதி நடத்துபவரும் அல்லர். புகையிரதம் நிற்கும் இடத்துக்கும் கப்பல் புறப்படும் இடத்துக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சிறிய இடைவெளியே அவருடைய தொழிற்களம்.

15ஆம் நூற்றாண்டிலேயே வெனிஸ் நகரத்துக் கப்பற்றலைவர்கள் இத்தகைய ஒப்பந்தங்களைச் செய்துவந்தனர். எருசலேமுக்குச் செல்லும் கிறிஸ்தவ யாத்திரிகரிடம் ஒரு தொகையைப் பெற்று, யாப்பாத் துறைமுகம் வரை கடற்பயணம், கப்பலில் உணவு, கரையில் ஏறிச்செல்லக் கழுதை, ஆங்காங்கே செலுத்தவேண்டிய வரி முதலியவற்றைத் தாமே கவனிப்பதாக எழுதிக் கொடுத்தனர். ஆயினும் அது யாத்திரையோடு நின்றுவிட்டது. ஆலைத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியரும் தம் சிறு சேமிப்பைக் கொண்டு வெறுமனே ஊர் பார்க்கப் போவதற்கு வழிசெய்த தொழில், இருப்புப்பாதை வந்த பின்னரே பிறந்தது.

அத்தொழிலின் வரலாற்றில் முதலிடம் பெறுபவர் தோமஸ் குக். 1808ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டார்பிசயர்ப் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த இவர், பத்து வயதிலேயே பள்ளியை விட்டுக் கூலி வேலைக்குப் போனவர், பின்னர் மரவேலை கற்றார், சமயப் பிரசாரகராய் நடந்து திரிந்தார், அச்சுக்கூடம் நடத்தினார். மதுவிலக்கில் அவருக்கு இருந்த பற்று அளவற்றது. 1841 யூலை 5ஆம் நாள், லெஸ்டர் நகரிலிருந்து ஏறத்தாழப் பதினொரு மைல் தூரத்திலுள்ள லஃபரோவில் நடைபெற்ற மதுவிலக்குக் கூட்டத்துக்கு, சுமார் 500 பேரைத் தனிப் புகையிரதத்தில் அழைத்துச் சென்றார். ஆளுக்கு ஒரு சிலிங் கட்டணம். உலகின் முதல் சுற்றுலா இதுவே எனப் பலர் எழுதுவர். அது முற்றும் சரியன்று. இத்தகைய மலிவுக் கட்டணப் புகையிரதங்கள் அதற்கு முன்னரும் ஓடியுள்ளன. குக் அவர்களின் தனிச்சிறப்பு நான்கு ஆண்டுகளின் பின்னரே வெளிப்பட்டது.

1845ஆம் ஆண்டு லிவர்பூலுக்கு ஒரு பயணத்தை, இம்முறை இலாபம் கருதியே, அவர் ஏற்பாடு செய்தார். பல கம்பனிகளின் பாதைகளைக் கடந்து செல்லவேண்டிய பயணம் அது. அவர் ஒவ்வொரு கம்பனியோடும் பேசி, பயணம் முழுமைக்கும் ஒரே சீட்டு என்று ஒப்பந்தம் செய்தார். பின்னர், பயணிகள் புறப்படுமுன் தாமே அவ்வழியில் ஒருமுறை போய்வந்தார். விடுதிகளைப் பார்த்தார், உணவுச்சாலைகளை விசாரித்தார், கண்டவற்றையெல்லாம் ஒரு கைந்நூலாக அச்சிட்டுப் பயணிகளிடம் கொடுத்தார். பிறரை அனுப்புமுன் தாம் நடந்து பார்த்தல் என்ற அந்த ஒழுக்கமே பிரயாண ஒழுங்கின் முதற் பாடமாகும்.

அடுத்த ஆண்டே அப்பாடம் தவறியது. 1846இல் ஏறத்தாழ 350 பேரை ஸ்கொட்லாந்துக்கு அழைத்துச் சென்றபோது, வழியில் கிடைக்கும் என்று உறுதி கூறப்பட்ட தேநீர் கிடைக்கவில்லை. நெடுந்தூரப் புகையிரதத்தில் மலசல வசதி இல்லை. பீளிற்வூட் துறையிலிருந்து ஏறிய நீராவிக் கப்பலில் அறைகள் போதவில்லை. பணம் கொடுத்த பலர் மேற்றளத்தில் நனைந்தபடி இரவைக் கழித்தனர். கிளாஸ்கோ நகரில் வாத்திய இசையோடு வரவேற்பு நடந்ததாம். நனைந்த உடையோடு நின்றவருக்கு வாத்திய இசை எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம். கப்பலின் குற்றம் கப்பற் கம்பனியுடையது எனக் குக் கூறியிருக்கக்கூடும். பயணிக்கோ, சீட்டைக் கையில் கொடுத்தவரையே தெரியும். இத்தொழிலின் சுமை அன்றும் இன்றும் இதுதான்.

அவர் தொழிலை விட்டுவிடவில்லை. 1851இல் லண்டனில் நடந்த மாபெருங் கண்காட்சிக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை அனுப்பினார். 1863இல் முதற் குழுவைச் சுவிற்சலாந்துக்கு அழைத்துச் சென்றார். அக்குழுவில் இருந்த ஜெமைமா மொறல் என்ற பெண்மணி எழுதிய நாட்குறிப்பு, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு உள்ளான லண்டன் பகுதியில் ஒரு தகரப் பெட்டியுள் கண்டெடுக்கப்பட்டு, 1963இல் நூலாக வெளிவந்தது. அகன்ற பாவாடையோடு பனிமலை ஏறிய அப்பெண்களுக்கு, தந்தையோ கணவனோ உடன் வராமலே வெளிநாடு காணும் வாய்ப்பை இத்தகைய குழுப் பயணமே அளித்தது.

இதனைக் கண்டு முகஞ்சுளித்தோரும் இருந்தனர். இத்தாலியில் பிரித்தானிய உப கொன்சலாகப் பணிபுரிந்த நாவலாசிரியர் சார்ள்ஸ் லீவர், 1865ஆம் ஆண்டளவில் ஒரு சஞ்சிகையில் குக்கின் பயணிகளைக் கால்நடைக் கூட்டத்தோடு ஒப்பிட்டு எழுதினார். அதனோடும் அமையாது, இவர்கள் அவுஸ்திரேலியா ஏற்க மறுத்த கைதிகள் என்றும், அவர்களை இத்தாலிய நகரங்களில் ஒவ்வொருவராக விட்டுச்செல்லவே இம்மனிதர் அழைத்து வருகிறார் என்றும் ஒரு கதையைக் கட்டிவிட்டார். குக் வெளிநாட்டமைச்சருக்கு முறையிட்டதோடு, தம் பத்திரிகையிலும் சினத்தோடு விடையிறுத்தார். உயர்குடியினர் மட்டும் கண்டுவந்த ஓவியங்களையும் மலைகளையும் மளிகைக் கடைக்காரரும் காண வந்துவிட்டாரே என்பதுதான் லீவரின் உண்மையான மனக்குறை.

1868இல் விடுதிக் கூப்பன்கள் வந்தன. ஊரிலேயே பணத்தைக் கட்டிக் கூப்பன் வாங்கியவர், அயல்நாட்டு விடுதியில் அதனைக் கொடுத்து உணவும் படுக்கையும் பெறலாம். 1874இல் சுற்றுநாணயப் பத்திரங்கள் தோன்றின. பிற்காலப் பயணிகள் காசோலைக்கு அவை முன்னோடி. இவ்விரண்டுக்கும் இடையில், 1872 செப்டெம்பரில், குக் ஒரு சிறு குழுவோடு உலகைச் சுற்றப் புறப்பட்டார். அமெரிக்கா, யப்பான், சீனா, சிங்கப்பூர், இலங்கை, இந்தியா, எகிப்து என நீண்ட அப்பயணத்தில் அவர் வீட்டைப் பிரிந்திருந்தது 222 நாட்கள். யூல்ஸ் வேர்ணின் கதாநாயகன் எண்பது நாட்களில் உலகைச் சுற்றிய கதை அதே ஆண்டின் இறுதியிலேதான் பிரெஞ்சுப் பத்திரிகையொன்றில் தொடராக வந்துகொண்டிருந்தது. இலங்கைக்கு வந்த பெருங்கப்பல்களிற் பெரும்பாலானவை அந்நாளில் காலித் துறையிலேயே நங்கூரமிட்டன. 1885இல் கொழும்பின் அலைதடுப்பு அணை முடிந்த பின்னரே அப்பெருமை கொழும்புக்குச் சேர்ந்தது.

தோமஸ் குக்கின் மகன் யோன் மேசன் குக், தந்தையினும் கண்டிப்பான வணிகர். நைல் நதியில் அவருடைய நீராவிப் படகுகள் ஓடின. 1884இல், கார்ட்டூமில் முற்றுகையிடப்பட்டிருந்த கோர்டனை மீட்கச் சென்ற படையை நதிவழியே ஏற்றிச்செல்லும் பணியைப் பிரித்தானிய அரசு அவரிடம் ஒப்படைத்தது. சுமார் 18,000 வீரரை அவர் கொண்டுசென்றார். உல்லாசப் பயணிகளுக்காக வரைந்த நேரசூசி பேரரசின் படையெடுப்புக்கும் பயன்பட்டது. கோர்டனோ, படை வந்து சேர இரண்டு நாட்களின் முன், 1885 சனவரி 26இல் கொல்லப்பட்டார்.

அதனினும் கடினமான பணியொன்று அவரை அடுத்து நாடிவந்தது. 1880இல் 900க்கும் மேற்பட்ட ஹஜ் யாத்திரிகரோடு பினாங்கிலிருந்து ஜித்தா நோக்கிச் சென்ற 'ஜித்தா' என்ற கப்பலில் நீர் புகத் தொடங்கியபோது, கப்டனும் அதிகாரிகளும் படகில் ஏறித் தப்பினர். ஏடன் துறையை அடைந்து கப்பல் மூழ்கிவிட்டதென்றும் அறிவித்தனர். மறுநாளே அக்கப்பல் யாத்திரிகரோடு இழுத்துவரப்பட்டது. யோசப் கொன்ராட்டின் 'லோட் ஜிம்' நாவலுக்குக் கருவாயமைந்தது இந்நிகழ்ச்சியே. பம்பாயிலும் நிலைமை நன்றாக இல்லை. கப்பல் என்று புறப்படும், கட்டணம் எவ்வளவு என்பன ஏழை யாத்திரிகருக்குத் தெரியா, தரகர் சொன்னதே விலை, ஏற்றியதே கூட்டம். 1886இல் இந்திய அரசாங்கம் யாத்திரைப் பயண ஒழுங்கைக் குக் கம்பனியிடம் அளித்தது. யோன் மேசன் தம் மகனொருவரை இந்தியாவுக்கும் ஜித்தாவுக்கும் அனுப்பி நேரில் ஆராயச் செய்தார். கட்டணம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. போகவும் வரவும் சேர்த்துச் சீட்டு விற்கப்பட்டது. போவதற்கு மட்டும் பணம் வைத்திருந்து, அரபு நாட்டில் திரும்ப வழியின்றித் தவித்தோர் பலர் இருந்த காலத்தில், திரும்பி வரும் சீட்டு ஒன்றே எத்துணைப் பெரிய காவல் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் ஏழை யாத்திரிகரால் வருவாய் இல்லை. கம்பனிக்கு நட்டம் ஏற்பட்டது. அதனை ஈடுசெய்ய அரசாங்கம் இணங்கவில்லை. 1893இல் குக் விலகிக்கொண்டார். யாத்திரிகரைக் காக்க வேண்டிய கடமை அரசாங்கத்துக்கே உரியதாயிருக்க, அதனை இலாபம் பார்க்கும் கம்பனியின் தலையில் ஏற்றிவிட்டு, செலவுக்கு மட்டும் கைவிரித்தது நேர்மையன்று.

தந்தை 1892இலும் மகன் 1899இலும் காலமாயினர். 1928இல் குடும்பத்தின் கையிலிருந்து கம்பனி விற்கப்பட்டது. 1948இல் பிரித்தானிய அரசின் உடைமையாயிற்று. 1972இல் மீண்டும் தனியாரிடம் சென்றது. அடுத்த ஆண்டு, பிரயாணக் கம்பனி முறிந்தால் விமானத்திற் சென்றோரைத் திருப்பி அழைக்கும் காப்புத் திட்டமொன்றைப் பிரித்தானியா ஏற்படுத்தியது.

அத்திட்டத்தின் மிகப் பெரிய சோதனை 2019 செப்டெம்பர் 23ஆம் நாள் அதிகாலையில் வந்தது. கடன் சுமை தாங்காது தோமஸ் குக் கம்பனி அன்று மூடப்பட்டது. உலகெங்கும் சுமார் ஆறு லட்சம் பேர் அதன் சீட்டோடு பயணத்தில் இருந்தனர். அவர்களுள் பிரித்தானியா திரும்ப வேண்டியவர் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். சில விடுதிகள், தமக்கு வரவேண்டிய பாக்கியைத் தங்கியிருந்தோரிடமே கேட்டன. இரண்டு வாரங்களில் 700க்கும் மேற்பட்ட விமானப் பறப்புகளை ஒழுங்குசெய்து, பிரித்தானிய சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அம்மக்களை வீடு சேர்த்தது. எந்த விடுதியில் எவர் இருக்கிறார், எந்தப் பேருந்து எந்த நிலையத்துக்கு எத்தனை மணிக்கு, எந்த விமானத்தில் எத்தனை இடம் என்று இரவு பகலாய்ப் பட்டியல் எழுதியோரின் வேலை, 1845இல் லிவர்பூல் வழியை நடந்து பார்த்த அச்சுக்கூடக்காரரின் வேலையேதான்.