திருவையாற்றைச் சூழ ஏழூர் வழி

ஓரூரின் பெருமையை அவ்வூர்த் திருவீதிக்குள் நின்றே கண்டுவிடலாம் என்று எண்ணுவோர் பலர். எமது ஊராகிய திருவையாற்றுக்கு அவ்வெண்ணம் பொருந்தாது. ஐயாறப்பரைத் தரிசித்துக் காவிரியில் நீராடித் திரும்புவோர் ஊரின் பாதியையே கண்டவராவர். மற்றைப் பாதி வயல் வரப்பிலும் ஆற்று மணலிலும் கிடக்கின்றது. அதனைக் காலால் நடந்தே காணல் வேண்டும்.

தஞ்சையிலிருந்து வடக்கு நோக்கி வருவோர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்னும் ஐந்தினையும் கடந்து இவ்வூரை அடைவர். ஐயாறு என்னும் பெயர் இதனால் வந்தது என்பர் சிலர். இவ்வாறுகளை அடுத்து அமைந்தவை திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் என்னும் தலங்கள். ஐயாற்றொடு சேர ஏழூர். பங்குனியில் திருமழபாடியில் நந்தியெம்பெருமான் திருமணம் நிகழும். அம்மணத்திற்குப் பழனத்தார் பழமும், சோற்றுத்துறையார் அன்னமும், பூந்துருத்தியார் மலரும், நெய்த்தானத்தார் நெய்யும் அளித்தனர். வேதிகுடியிலிருந்து வேதியர் வந்தனர். அந்நன்றி கருதியே சித்திரையில் ஐயாறப்பர் மணமக்களுடன் அவ்வூர்களுக்கு எழுந்தருளுகின்றார் என்பது வழிவழி வந்த செய்தி. பழனம் என்பது வயலைக் குறிக்குஞ் சொல். பழத்தொடு அதனை இணைத்தது பின்னையோர் அன்பு என்று இலக்கணம் வல்லார் கூறுவர். கூறட்டும். பழத்தட்டு ஏந்தி நிற்கும் அவ்வூர்த் தாய்மார் முன் அவ்வாராய்ச்சியை எடுத்துரைக்க அடியேனுக்குத் துணிவில்லை.

ஐயாற்றினின்று கிழக்கே சென்றால் முதலிற் பழனம். அதனை அடுத்தது அப்பூதியடிகள் வாழ்ந்த திங்களூர். நாவுக்கரசரைக் காணுமுன்னரே அவர் திருப்பெயரால் தண்ணீர்ப்பந்தர் வைத்தவர் அவ்வடிகள். இன்றும் ஏழூர் விழாவில் வழிநெடுக நீரும் மோரும் வார்க்கின்றனர். அவ்வறம் எங்குத் தொடங்கியதென்று வினவுவார்க்குத் திங்களூரைக் காட்டலாம்.

பின்னர் ஆற்றைக் கடந்து தென்கரை சேரல் வேண்டும். சித்திரையிற் காவிரி பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். பல்லக்குச் சுமப்போர் பாதம் அம்மணலிற் புதையும். சுந்தரர் சேரமான் பெருமாளொடு கண்டியூரை வணங்கி, அக்கரையில் ஐயாற்றைக் கண்டு நின்றபொழுதோ ஆறு இருகரையும் புரண்டது. அவர் பாட, வெள்ளம் விலகி வழிவிட்டது என்று சேக்கிழார் பெருமான் உரைப்பர். கண்டியூர் அட்டவீரட்டத்துள் ஒன்று. பிரமன் சிரம் கொய்த தலம். அங்குக் கலைமகளொடு வீற்றிருக்கும் பிரமனைக் காணாமல் வரலாகாது.

அங்கிருந்து மேற்கே பூந்துருத்தி. அப்பர் பெருமான் திருமடம் அமைத்துத் தங்கிய ஊர். ஞானசம்பந்தர் சிவிகையில் வருகின்றார் எனக் கேட்டு, முதுமை பாராது எதிர்சென்று, கூட்டத்துள் மறைந்து அச்சிவிகையைத் தாங்கினார் நாவுக்கரசர். “அப்பர் எங்குள்ளார்?” என்று பிள்ளையார் வினவிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. ஏழூர்ப் பல்லக்கைத் தோளில் ஏற்றும் இளைஞர்க்கு இதனினும் பெருஞ்சிறப்பு வேறென்ன உண்டு?

காவிரியின் வடகரைக்கு மீண்டால் நெய்த்தானம். தில்லைஸ்தானம் என்பது இன்றைய வழக்கு. இக்கோயிற் கல்வெட்டொன்று சோழ வரலாற்றுக்கு ஒரு தூண். முதலாம் ஆதித்த சோழனும் (871–907) சேர மன்னன் தாணு இரவியும் ஒருங்கே விக்கியண்ணன் என்னும் தலைவனுக்குச் சிவிகை, சாமரை முதலிய சிறப்புகளும் “செம்பியன் தமிழவேள்” என்னும் பட்டமும் அளித்த செய்தி அதனுள் உள்ளது. சேரரும் சோழரும் அக்காலத்து நட்பிலிருந்தனர் என்பதற்கு அக்கல் சான்று. அதனைப் பொறிக்கச் செய்த நிகழ்ச்சியோ எளியது: விக்கியண்ணன் தேவியார் கடம்பமாதேவியார் திருவிளக்கெரிக்கக் கொடுத்த தருமம். ஒரு விளக்குத் தருமத்தின் பின்னே இரு பேரரசர் நட்பு மறைந்திருந்தது.

இதனை ஈண்டு விரித்ததற்குக் காரணமுண்டு. மடத்தில் பயின்ற இளமையில், சிற்றூர்க் கோயிலொன்றின் அதிட்டானத்தில் விளக்குத் தருமக் கல்வெட்டொன்றை விரலால் தடவிப் படித்தேன். ஆண்டுகள் பல கழித்துச் சென்றபோது அது காணப்படவில்லை. திருப்பணியில் மணலை விசையாகப் பீச்சிக் கல்லை வெளுக்கச் செய்திருந்தனர். பணி செய்தோர் அன்பர்களே. குற்றம் கருதிச் செய்தாரல்லர். ஆயினும் யாரோ ஒருவர் என்றும் எரிக என்று விட்ட விளக்கின் பெயர் அழிந்தது. ஆதலின் திருப்பணிக்குப் பொருளீயும் அன்பர்கள், வேலை தொடங்குமுன் கல்வெட்டறிந்தார் ஒருவரை அழைத்துச் சுவரைப் படித்துப் படியெடுக்கச் செய்க. எழுத்துள்ள கல்லின்மேல் வண்ணமோ சுண்ணமோ சலவைக்கல்லோ ஏறாதபடி காக்க. நுங்கள் பெயர் பொறித்த புதுக்கல்லை அதன் பக்கத்தே தாராளமாக நடலாம், இடமுண்டு.

வயது எழுபது கடந்தபின் ஏழூரையும் ஒருமுறையில் நடக்க அடியேனுக்குக் கால் இடந்தருவதில்லை. பழனம் வரை சென்று திரும்பி, மறுநாள் ஊரிலேயே காத்திருக்கின்றேன். ஏழூர்ப் பல்லக்குகளும் ஒன்றுகூடி வர, பொம்மையொன்று இறைவர்மேற் பூவைச் சொரியும். அப்பூவில் ஒன்றேனும் கையில் விழவேண்டுமென்று குழந்தைகளொடு அடியேனும் நிற்பேன்.