மார்கரெட் ஹலோவும் மேபலும்

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி மறுபடி மறுபடி வந்துகொண்டே இருக்கிறது. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லின் காதலி பெயர் மார்கரெட் ஹலோவாம். போனில் முதன்முதலில் அவளைத்தான் கூப்பிட்டாராம். அதனால்தான் நாமும் 'ஹலோ' சொல்கிறோமாம். கூடவே ஒரு ரோஜாப்பூ படம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுத்தப் பொய்.

1876 மார்ச் 10 அன்று பெல் போனில் முதலில் கூப்பிட்டது, அடுத்த அறையில் இருந்த உதவியாளர் வாட்சனை. அதிலும் 'ஹலோ' கிடையாது. அவர் காதலித்து 1877 ஜூலையில் மணந்தது மேபல் ஹப்பர்ட் என்ற பெண்ணை. ஐந்து வயதில் வந்த கடும் காய்ச்சலில் மேபலுக்குக் காது அடியோடு போய்விட்டது. எதிரில் இருப்பவரின் உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். பெல்லின் தாயாருக்கும் காது கேட்பதில் குறை. ஊரெல்லாம் கேட்ட அந்தக் கருவியில் கட்டிய மனைவியால் ஒரு வார்த்தைகூடக் கேட்க முடியவில்லை. இதையல்லவா நாலு பேருக்கு அனுப்ப வேண்டும்!

போனை எடுத்ததும் சொல்ல பெல்லுக்குப் பிடித்த வார்த்தை 'அஹாய்'. மாலுமிகள் கப்பலுக்குக் கப்பல் கூப்பிட்டுக்கொள்ளும் சத்தம் அது.

'ஹலோ'வைப் போனுக்குள் கொண்டுவந்தவர் எடிசன். அந்த நாளில் மறுமுனையில் இருப்பவரை எப்படிக் கூப்பிடுவது என்பதே பெரிய பிரச்சினை. மணி வைக்கலாமா என்று யோசித்தார்கள். 1877 ஆகஸ்ட் 15 அன்று பிட்ஸ்பர்க் நகரத் தந்திக் கம்பெனித் தலைவருக்கு எடிசன் ஒரு கடிதம் எழுதினார். மணியே வேண்டாம், 'ஹலோ' என்றால் 10, 20 அடி தூரத்துக்குக் கேட்கும் என்றார். வேடிக்கை என்னவென்றால், எடிசனுக்கும் காது மந்தம். பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் வந்தன. அங்கே வேலை பார்த்த பெண்களுக்கு அமெரிக்காவில் 'ஹலோ கேர்ள்ஸ்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அதற்கு முன்னால் இந்த வார்த்தைக்கும் வணக்கத்துக்கும் அதிக சம்பந்தமில்லை. வேட்டைக்குப் போனவர்கள் நாய்களை ஏவிவிட 'ஹலூ' என்று கத்துவார்கள். அக்கரையில் இருக்கும் படகுக்காரனைக் கூப்பிட ஜெர்மன் மொழியில் இருந்த ஒரு கூவலும் இதற்கு உறவு என்கிறார்கள். 'ஹலோ' என்ற வடிவம் அச்சில் வந்தது 1820களில். அப்போது அதற்கு 'ஏய், இங்கே பார்' என்றோ, 'அடடே, இதென்ன!' என்றோதான் பொருள்.

நம் டவுன் பஸ்ஸில் காலை மிதித்தவனைப் பார்த்து ஒரு அம்மாள், "ஹலோ! கண்ணு தெரியலையா?" என்று அதட்டுகிறாரே, அந்த 'ஹலோ'தான் பழைய ஹலோ. போனில் நாம் பணிவாகச் சொல்வது பின்னால் வந்தது.