ஸ்பிரிங்க்ளர் போட்டும் நிலம் இறுகுதா? தண்ணீர் எப்படி விழுதுன்னு கவனிங்க!

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, ஸ்பிரிங்க்ளரும் சுற்றுகிறது. ஆனால் விதைத்து பத்து நாள் கழித்துப் பார்த்தால் நிலக்கடலை அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்திருக்கிறது. மேல்மண் அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கிறது. விதை சரியில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்பு பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு: தண்ணீர் நிலத்தில் எப்படி விழுந்தது?

தெளிப்பு நீர்ப்பாசனம் என்றாலே தண்ணீர் மிச்சம் என்பதுதான் நினைவுக்கு வரும். ஆனால் எவ்வளவு தண்ணீர் விடுகிறோம் என்பதைப் போலவே, அது எவ்வளவு மென்மையாக விழுகிறது என்பதும் முக்கியம். துளி பெரிதாக இருந்தாலோ, மண் குடிக்கும் வேகத்தைவிட அதிகமாகத் தண்ணீர் கொட்டினாலோ, பாசனமே மண்ணை இறுக்கிவிடும்.

துளி பெரிதானால் என்ன ஆகும்?

மழையையே எடுத்துக்கொள்வோம். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள மழைத்துளி வினாடிக்கு சுமார் 4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். 5 மில்லிமீட்டர் துளியின் வேகம் சுமார் 9 மீட்டர். அதன் எடையோ 125 மடங்கு. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பெரிய துளி மண்ணில் இறக்கும் ஆற்றல் 600 மடங்குக்கும் அதிகம்.

ஸ்பிரிங்க்ளர் துளிகளின் வேகம் கருவிக்குக் கருவி மாறும். ஆனால் துளி பருத்தால் அடி பலமாகும் என்பது அங்கேயும் அதேதான். அந்த அடியில் மண் கட்டிகள் உடைகின்றன. தெறிக்கும் நுண்துகள்கள் மண்ணின் துவாரங்களை அடைத்துக்கொள்கின்றன. தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கி ஓடும். வெயில் பட்டதும் மேற்பரப்பு பொருக்குத் தட்டிவிடும்.

நிலக்கடலைக்கு இது இரட்டை அடி. முதலில் முளை வெளியே வர முடியாது. பிறகு பூ பூத்து ஊசி இறங்கும் பருவத்தில், இறுகிய மண்ணுக்குள் ஊசி இறங்கத் திணறும். ஊசி இறங்கலைன்னா காய் இல்லை. தமிழகத்தின் செம்மண் நிலங்களில் இந்த மேற்பரப்பு இறுக்கம் பரவலாகவே இருக்கும் பிரச்னை.

பிரஷரில்தான் சூட்சுமம்

தோட்டங்களில் 'டக் டக்' என்று தட்டிச் சுற்றும் ஸ்பிரிங்க்ளருக்கு, பொதுவாக சதுர சென்டிமீட்டருக்கு 2 முதல் 4 கிலோ அழுத்தம் தேவை. மாடலுக்கு ஏற்ற சரியான அளவு நிறுவனத்தின் அட்டவணையில் இருக்கும்.

பிரஷர் குறைந்தால் தண்ணீர்த் தாரை சரியாக உடையாது. பெரிய பெரிய துளிகளாக விழும். வீச்சும் குறைந்து, ஸ்பிரிங்க்ளரைச் சுற்றி ஒரு வளையத்தில் மட்டும் ஈரம் அதிகமாகும். 'பிரஷர் கம்மி, அதனால மெதுவாத்தான் விழும்' என்று நினைப்பது தவறு.

அதற்காக பிரஷரைக் கண்டபடி ஏற்றினாலும் ஆபத்துதான். துளிகள் பனிப்புகை மாதிரி பொடியாகி காற்றோடு போய்விடும். பக்கத்து வரப்பு நனையும், சொந்தப் பயிர் காயும்.

பிரஷர் குறைய என்ன காரணம்? மோட்டாரின் சக்திக்கு மீறி ஒரே நேரத்தில் நிறைய ஸ்பிரிங்க்ளர்களை ஓட்டுவது, வோல்டேஜ் குறைவு, கிணற்று நீர்மட்டம் இறங்குவது, இணைப்புகளில் கசிவு, அடைத்த ஃபில்டர். மணல் கலந்த போர்த் தண்ணீரில் நாசில் துளை தேய்ந்து பெரிதாவதும் ஒரு காரணம். நாசில் அளவுக்கே உள்ள புது டிரில் பிட்டின் அடித்தண்டைத் துளையில் நுழைத்துப் பார்த்தால் தேய்மானம் தெரிந்துவிடும். லொடலொட என்று ஆடினால் மாற்ற வேண்டியதுதான்.

மண் எவ்வளவு வேகமாகக் குடிக்கும்?

ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் பாசனக் கையேடு சொல்லும் அளவுகள், ஒரு மணி நேரத்துக்கு:

• மணல்: 30 மி.மீ.க்கு மேல்
• மணற்பாங்கான வண்டல்: 20 முதல் 30 மி.மீ.
• வண்டல்: 10 முதல் 20 மி.மீ.
• களி கலந்த வண்டல்: 5 முதல் 10 மி.மீ.
• களிமண்: 1 முதல் 5 மி.மீ.

ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர் விட்டால் அது 1 மி.மீ. உயரம். 12 மீட்டருக்கு 12 மீட்டர் இடைவெளியில், மணிக்கு 1,440 லிட்டர் தரும் ஸ்பிரிங்க்ளர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் பங்கும் 144 சதுர மீட்டர். 1,440-ஐ 144-ஆல் வகுத்தால் 10. அதாவது மணிக்கு 10 மி.மீ.

இந்த அளவை மணற்பாங்கான செம்மண் சுலபமாகக் குடித்துவிடும். அதே செட்டை களிப்பான கரிசலில் போட்டால், மண் ஏற்கும் அளவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கொட்டுகிறோம் என்று அர்த்தம். மிச்சம் ஓடைக்குத்தான் போகும், மேல்மண்ணையும் உரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. அங்கே சிறிய நாசில் மாற்றலாம். அல்லது கொஞ்ச நேரம் ஓட்டி, மண் குடிக்க விட்டு, மறுபடி ஓட்டலாம்.

செலவில்லாத டப்பா டெஸ்ட்

நேரான பக்கங்கள் கொண்ட, ஒரே அளவான டப்பாக்களை இரண்டு ஸ்பிரிங்க்ளர்களுக்கு நடுவே பரவலாக வையுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டி, தண்ணீர் உயரத்தை ஸ்கேலால் அளந்தால் மணிக்கு எத்தனை மி.மீ. என்பது நேராகத் தெரியும். ஒரு டப்பாவில் 15, இன்னொன்றில் 4 என்று வந்தால் பிரஷரிலோ இடைவெளியிலோ கோளாறு. எட்டு ஸ்பிரிங்க்ளரை ஒன்றாக ஓட்டுவதற்குப் பதிலாக ஐந்தை மட்டும் ஓட்டி மறுபடி அளந்து பார்க்கலாம்.

எந்தக் கருவி எதற்கு?

வெங்காயம், கீரை, நாற்றங்கால் போன்ற மென்மையான பயிர்களுக்கு சிறு துளிகளாகத் தரும் மினி ஸ்பிரிங்க்ளர் பொருத்தம். ரெயின் கன் தூரமாக வீசும், ஆனால் துளிகள் பெரியவை. அது கரும்பு மாதிரி வளர்ந்து நிலத்தை மூடிய பயிருக்குச் சரி. புதிதாக விதைத்த நிலத்துக்குச் சரிப்படாது.

டெக்சாஸில் கிடைத்த பாடம்

அமெரிக்காவின் கொலராடோ விவசாயி ஃபிராங்க் சைபாக், வயலின் நடுவே ஒரு மையத்தைச் சுற்றி வரும் ராட்சத ஸ்பிரிங்க்ளருக்கு 1952-ல் காப்புரிமை பெற்றார். தொடக்ககால இயந்திரங்கள் அதிக பிரஷரில் உயரத்திலிருந்து தண்ணீரை வீசின. நிலத்தடி நீரும் எரிபொருள் செலவும் நெருக்கடியானபோது, டெக்சாஸ் ஆய்வாளர்கள் 1980-களின் தொடக்கத்தில் வேறு வழி கண்டார்கள். குழாய்களைத் தொங்கவிட்டு, 1 கிலோவுக்கும் குறைவான பிரஷரில், தரைக்கு அருகே தண்ணீரை விட்டார்கள். ஆவியாவதும் காற்றில் பறப்பதும் பெருமளவு குறைந்தது.

ஆனா ஒரு சிக்கல். குறுகிய இடத்தில் மொத்தத் தண்ணீரும் இறங்கியதால் மண்ணால் குடிக்க முடியவில்லை. அதனால் சால்களுக்கு நடுவே சின்னச் சின்ன மண் தடுப்புகள் போட்டுத் தண்ணீரை நிறுத்தி வைத்தார்கள். கருவியை மாற்றினால் மட்டும் போதாது, மண்ணையும் தயார் செய்யணும் என்பதுதான் பாடம்.

மறக்கக் கூடாதவை

• ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்போது துளி எம்மாத்திரம்? ஆடிப் பட்டத்தில் காற்று அடங்கியிருக்கும் அதிகாலையில் ஓட்டுவது நல்லது. பகலில் இலையும் காய்ந்துவிடும், பூஞ்சை நோய்க்கு வாய்ப்பு குறையும்.
• உப்புத் தண்ணீரைத் தெளித்தால் இலை ஓரம் கருகும். முதலில் தண்ணீர்ப் பரிசோதனை அவசியம்.
• தொழு உரம், மக்கிய தென்னை நார்க்கழிவு இட்ட மண் சீக்கிரம் பொருக்குத் தட்டாது.

மானியம் உண்டா?

தமிழகத்தில் நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீதமும் மானியம் வழங்கப்படுகிறது. வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தை அணுகலாம். விண்ணப்பிக்கும்போதே மண் வகை, மோட்டார் சக்தி, பயிர் மூன்றையும் சொல்லி, அதற்கேற்ற நாசிலையும் இடைவெளியையும் கேட்டு வாங்குவது முக்கியம். செட் இறங்கிய முதல் நாளே டப்பா டெஸ்ட் செய்து பார்த்துவிட்டால், கோளாறு இருந்தாலும் விதைப்புக்கு முன்பே சரிசெய்துவிடலாம்.