தோழி கண்ட நோய்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வாரின் குருகூர். அவருடைய திருவாய்மொழியில் நான்காம் பத்தின் ஆறாம் பதிகத்தை, உடலுக்கும் உணர்வுக்கும் உள்ள உறவைப் பேசும் ஆவணமாகவும் படிக்கலாம் என்பது நம் எண்ணம்.

மகளுக்கு நோய். தாயர் கள்ளும் இறைச்சியும் தூவி வெறியாட்டு எடுக்கின்றனர். தோழி குறுக்கிடுகிறாள்: இது சிறுதெய்வம் ஏறிய நோயன்று, பாரதப் போரில் தேர் ஊர்ந்தவன்மேல் கொண்ட காதல். உடல் காட்டிய குறி ஒன்றே. படித்தவர் இரு தரப்பார். குறியைத் தவறாகப் படித்தால் மருந்தும் தவறும்.

இவ்வாறு படிப்பதற்கென்றே தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலை வைத்தது. எட்டயபுரத்தில் 1879இல் பிறந்த நாவலர் ச. சோமசுந்தர பாரதியார் இவ்வியலுக்குப் புத்துரை கண்டவர். நாமோ வகுப்பில் நகை, அழுகை என்று எட்டையும் ஒப்பிக்கச் செய்து மதிப்பெண் இட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த எட்டையும் தாண்டினால்தான் இயலின் நுட்பம் தெரியும்: நெற்றி வியர்ப்பது, கூந்தல் அவிழ்வது, உடையைத் திருத்தி உடுப்பது எனக் காதல் அரும்பும் உடலைப் படிப்படியாக அது பின்தொடர்கிறது.

உரையாசிரியர் பேராசிரியர் நாடக நூலார் வழிநின்று ஒரு வரிசை சொல்கிறார். பொருள் முதலில், அதைப் பொறி உணர்கிறது, உள்ளத்தில் குறிப்புப் பிறக்கிறது, அதன் பின்னரே கண்ணீரும் மயிர்க்கூச்செறிதலும். 1884இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் இவ்வரிசையைத் தலைகீழாக்கினார். அஞ்சுவதால் நடுங்குவதில்லை, உடலின் நடுக்கத்தை உணர்வதே அச்சம் என்றார். உள்ளுறுப்புகளின் மாற்றம் அதற்கு மிக மெதுவானது என்று 1927இல் வால்டர் கேனன் மறுத்தார். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆயினும் இதயத் துடிப்பு, வெம்மை, வலி முதலிய உட்செய்திகள் மூளையின் இன்சுலா என்னும் மடிப்பில் சேர்ந்து உணர்வாக உருப்பெறுகின்றன என்று 2002இல் கிரெய்க் விளக்கியபின் ஜேம்ஸுக்கு மீண்டும் மதிப்பு ஏறியது. 2014இல் வெளியான பின்லாந்து ஆய்வொன்றில் 701 பேர் வெற்று உடற்படங்களில் தம் உணர்வுகளுக்கு வண்ணம் தீட்டினர். சினத்தில் கைகள் கனன்றன. துயரில் கைகால்கள் ஓய்ந்தன. (அவை அவர்கள் சொன்னவை, கருவி அளந்தவை அல்ல.)

இதையெல்லாம் தொல்காப்பியர் அன்றே அறிந்திருந்தார் என்று மேடையில் முழங்குவது நமக்கு எளிது. ஆனால் அது அவருடைய வினாவே அன்று. பிறர் மெய்யில் தோன்றுவதைக் கண்ணாலும் செவியாலும் உணர்வோர்க்கே மெய்ப்பாட்டின் நயம் எட்டும் என்று இயலை முடிக்கிறார் அவர். ஜேம்ஸ் தேடியதோ தன் உடலைத் தான் உள்ளிருந்து அறியும் வழி. தோழி வெளியே நிற்பவள். அவளுக்குத் தொல்காப்பியர் போதும்.

அந்தப் பதிகத்தில் நோயுற்றவள் ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் குரலைக் கேட்க ஒன்பதாம் பத்தின் ஒன்பதாம் பதிகத்துக்குப் போக வேண்டும். மாலை வேளை, மல்லிகை மணத்தோடு வரும் தென்றல் தன்னை அறுப்பதாக அங்கே தலைவியே சொல்கிறாள்.